அருள்தாஸ் பெயரின் மேல் ஒட்டிய வெள்ளைத் தாள்

என் கல்யாணப் பத்திரிகையில் 'சிறப்பு வருகை' என்று அச்சாகியிருந்த ஒரு பெயரின் மேல் நானே வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒன்றிரண்டில் அல்ல, இருநூற்றுச் சொச்சம் பத்திரிகைகளில். ஒட்டியதோடு நிறுத்தியிருந்தால்கூட மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு ஒட்டின் ஓரத்திலும் என் சுருக்கொப்பத்தையும் போட்டு வைத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகும் நீங்கள் என்னோடு பேசுவீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் என் மகள் தன் நிச்சயதார்த்த அழைப்பைக் கைப்பேசியில் தயாரித்துக்கொண்டிருந்தாள். வர முடியாது என்று சொல்லிவிட்ட ஒரு பெரியப்பாவின் பெயரை விரலால் தட்டினாள். போய்விட்டது. "டிலீட் பண்ணிட்டேன்பா" என்றாள். கோந்து இல்லை, கத்தரி இல்லை, கூச்சநாச்சமும் இல்லை. எனக்கு மட்டும் எங்கிருந்தோ கோந்து வாசனை அடித்தது.

அப்போது நான் கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்கப் பாரம் என்ற படிவங்களை எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் குமாஸ்தா, அதாவது கிராணி. என் மேசையில் சிவப்பு ரப்பர் மூக்கு வைத்த கோந்துப் போத்தல் ஒன்று இருக்கும். மூக்கு எப்போதும் அடைத்திருக்கும், குண்டூசியால் குத்தினால்தான் ஒழுகும். பழைய சோற்றுத் தண்ணீரையும் மழைக்கால ஈரத் துணியையும் சேர்த்து முகர்ந்தது மாதிரி ஒரு புளிச்ச வாசனை. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். காரணம், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் பந்துத் திடலும் ஏறக்குறைய அப்படித்தான் நாறும்.

திடல் என்று நாங்கள்தான் சொன்னோம். கடலில் தண்ணீர் ஏறினால் சாக்கடை எதிர்த்து வந்து இடது மூலையில் குளம் கட்டிவிடும். வெளியூர் அணிகள் அந்த மூலைக்கு வந்தால் பந்தைத் தேடுவார்கள். அருள்தாஸ் தேட மாட்டார். பந்து எந்தச் சேற்றில் சிக்கும், எதில் வழுக்கும் என்று அறிந்த ஒரே மனிதர் அவர். இடது காலால் சேற்றோடு சேர்த்து அவர் தூக்கிப் போடும் பந்து, கோல்காரன் முகத்தில் சேற்றை அப்பிவிட்டு வலைக்குள் விழும். பத்தாம் எண் பச்சைச் சட்டை. எங்களுடைய பச்சை அணி பதினோரு பேர் கொண்டது என்று எழுத்தில் இருந்தது. நடைமுறையில் ஒருவர்தான்.

எங்கள் ஜென்ம எதிரி பிரிக்பீல்ட்ஸ் நீல அணி. எனக்குப் பெண் அமைந்ததும் பிரிக்பீல்ட்ஸில். கலாவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "பையன் நல்ல பையன்தான், வேலையும் இருக்கு. டீம்தான் சரியில்ல."

அவருக்குப் பதிலடியாகத்தான் அருள்தாஸைச் சிறப்பு விருந்தினராக்கும் யோசனை எனக்கு வந்தது. நீலக் கோட்டையின் நடுவில், மாமனார் கண்ணெதிரே, பச்சை நாயகன் வந்து மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பத்திரிகை என்பது மணமக்களைவிடப் பிரமுகர்களுக்காக அச்சடிக்கப்படுவது. அருள்தாஸின் பெயர் என் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை கொடுத்தேன். பிரிக்காமலே ஜன்னல் ஓரத்தில் வைத்தார். "வரேன் தம்பி" என்றார். அந்த இரண்டு சொல்லை ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த வாரம் அவர் நீல அணியில் சேர்ந்துவிட்டார்.

செய்தி வந்த அன்று பண்டமாரான் கோப்பிக் கடையில் ஒருத்தரும் கோப்பி கேட்கவில்லை. ரசிகர் மன்றத் தலைவர் மணியண்ணன் லோரி ஓட்டுநர். வெளியூர் ஆட்டங்களுக்கு எங்களையெல்லாம் லோரியில் ஏற்றிப் போகிறவர், அருள்தாஸ் படத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தவர். படத்தைக் கிழிக்கப் போனார், மனசு வரவில்லை. திருப்பி ஒட்டினார். அதற்குப் பிறகு அந்த லோரியின் கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சதுரம்தான் தெரியும்.

நாம் இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம், மூன்று பேர் சேர்ந்தால் தீர்மானம். மணியண்ணன் கூட்டம் போட்டார். ஒரு தரப்பு, "ஆளு போனா போகட்டும், டீமுதான் முக்கியம்" என்றது. இன்னொரு தரப்பு, "அவரு இல்லாத டீமு என்னா டீமு லா" என்றது. கடைசியில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசம் பிறந்தது. நீலத்தோடு நமக்கு ஆட்டம் வரும்போது அருள்தாஸ் பந்தைத் தொட்டால் கைதட்டலாம், கோல் போட்டால் தட்டக் கூடாது. பழைய பாசத்துக்காக எழுந்து நிற்கவும் கூடாது. செயலாளர் என்ற முறையில் இதை எழுதியவன் நான். பிறகு மணியண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"டேய், உன் கார்டுல அவன் பேரு இருக்குல்ல?"

"அச்சடிச்சாச்சுண்ணே."

"பேரு இருந்தா நான் அந்த மண்டபத்துல கால் வைக்க மாட்டேன். நம்ம ஆளுங்களும் வரமாட்டானுங்க. கல்யாணத்துக்குப் பேசின பஸ்ஸயும் நான் ஓட்டல. உங்க சொந்தக்காரங்கள எல்லாம் கொமுட்டர் ரயில்ல கூட்டிட்டுப் போ."

மணியண்ணன் இல்லாத கல்யாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா போன பிறகு எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலோ நிலைமை தலைகீழ். "நம்ம ஆளு வராராமே" என்று மாமனார் எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். அங்கே பெயரை எடுத்தால் அவர் மானம் போகும், இங்கே எடுக்காவிட்டால் என் மானம் போகும்.

எனக்கு அப்போது என் புத்திசாலித்தனத்தில் பெரிய நம்பிக்கை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிற பத்திரிகைகளில் பெயர் இருக்கட்டும், கிள்ளானுக்குப் போகிறவற்றில் மறைத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. முதலாளி போன பிறகு கோந்துப் போத்தலையும் பத்திரிகைக் கட்டையும் மேசையில் வைத்து உட்கார்ந்தேன்.

இங்கேதான் தொழில் குறுக்கே வந்தது. சுங்கப் பாரத்தில் ஓர் எழுத்துத் தப்பினாலும் வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்தலாம். ஆனால் திருத்தியவன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், போடாவிட்டால் அந்தப் பாரம் செல்லாது. ஐந்து வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பாரம் திருத்திய கை, என் தலையைக் கேட்காமலே வேலை செய்தது. ஒட்டு, ஒப்பம். ஒட்டு, ஒப்பம். கடைசிப் பத்திரிகை வரை நான் அதைக் கவனிக்கவில்லை. கட்டைச் சமன்படுத்தி ரப்பர் பட்டை போட்டபோது எனக்கு மனநிறைவாகக்கூட இருந்தது. மேலே ஆபீஸ் முத்திரைச் சாப்பு குத்தாமல் விட்டது, சாப்புப் பெட்டியைப் பூட்டி முதலாளி சாவியைக் கொண்டுபோனதால்தான்.

கலாவின் அத்தை ஒருவர் கிள்ளான் பக்கம் காப்பார் என்ற ஊரில் இருந்தார். எங்களுக்கும் தூரத்துச் சொந்தம் என்பதால் நான் ஒட்டிய பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்று அவருக்குப் போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அருள்தாஸ் பளிச்சென்று தெரிந்தார், பக்கத்தில் குற்றவாளியின் கையெழுத்தோடு. அத்தை அதை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனார். திங்கட்கிழமை காலை ஆபீசுக்குக் கலாவின் தொலைபேசி வந்தது.

"அப்பாகிட்ட காட்டல. என்கிட்டதான் இருக்கு" என்றாள்.

"அது வந்து, மணியண்ணன்..."

"நாளைக்கு உங்க மணியண்ணனுக்கு என்னைப் பிடிக்கலன்னா என் பேரு மேலயும் ஒட்டுவீங்களா?"

"சேச்சே."

"ஒட்டிட்டு ஒப்பமும் போடுவீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு? மேடைக்கு அவரு வந்தா, அவர்கிட்ட கேளுங்க. எல்லாரும் பார்க்கக் கேளுங்க. அப்புறம் நம்ம பேசலாம்" என்று வைத்துவிட்டாள். சரி என்றேன். அருள்தாஸ் வர மாட்டார் என்ற தைரியம். இதற்குள் கிள்ளான் முழுவதும் அந்தப் பத்திரிகையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டது, அவர் காதுக்குப் போகாமலா இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிறு நீலத்தோடு எங்களுக்கு ஆட்டம். கடலில் தண்ணீர் ஏறிய நாள். அருள்தாஸ் நீலச் சட்டையில் இடது மூலைக்குப் போனார். எங்கள் பத்துப் பேரும் அவர் பின்னால் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள், பழக்கதோஷம். பந்து சேற்றோடு வலைக்குள் போனது. அவர் குதிக்கவில்லை, குனிந்து காலுறையைச் சரிசெய்தார். எங்கள் பக்கத்தில் முப்பது பேர் எழுந்துவிட்டார்கள். எழுந்தவுடன் தீர்மானம் ஞாபகம் வந்து, ஒருவர் சாவி தேடினார், ஒருவர் இடுப்புச் சாரத்தை இறுக்கினார். மணியண்ணன் கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் ஈரமாக இருந்தது. கண்கூட நனையாமல் தீர்மானத்தை முழுமையாகக் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான். அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். முதல் மாடியிலும் ஏதோ விசேஷம், இரண்டு மேளமும் படிக்கட்டில் முட்டிக்கொண்டன. மணியண்ணன் பஸ் ஓட்டி வந்தார். வந்து, கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டி முடிந்தது. பக்கத்தில் கலா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இருந்த பக்கத்தைத் தவிர.

அப்போது வாசலில் சலசலப்பு. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னப் பெட்டி. அருள்தாஸ். வாசலிலேயே தயங்கி நின்றார். மாமனார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். இன்னொரு கையை யார் பிடித்தது என்று பார்த்தால், மணியண்ணன். வாழ்க்கையில் முதல் முறையாக நீலமும் பச்சையும் ஒருவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தன. மைக்கில் பெயர் சொன்னார்கள். நான் சபை பார்க்கக் குனிந்து, "அண்ணே, தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். "எதுக்குப்பா?" என்று தோளைத் தட்டினார்.

அந்த ஒரு சொல்லில் நான் கரைந்துபோனேன். இப்படி ஒரு பெருந்தன்மையா என்று மண்டபமே உருகியது. பெட்டியைத் திறந்தால் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, குழந்தைக் காலுக்கு அளவானது. மணியண்ணன் அங்கேயே உரை எழுதிவிட்டார்: "பார்த்தியா, காலாலயே வாழ்ந்த மனுஷன், காலுக்குத்தான் ஆசீர்வாதம் குடுக்கறாரு. பிள்ளை பொறந்தா போட்டு விடு." சாப்பாட்டுப் பந்தியில் அருள்தாஸுக்கு மணியண்ணனே நெய் ஊற்றினார். கலா முதன்முதலாக என் பக்கம் திரும்பி, "சரி, போகட்டும்" என்றாள். நான் அவரைக் கீழே கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கொலுசைப் போட்டுக்கொண்டுதான் என் மகள் நடை பழகினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் அந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை. மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முடிப்பேன்.

பண்டமாரான் திடலில் இப்போது கொள்கலன் பெட்டிகள் ஆறு அடுக்காக நிற்கின்றன, கடல் ஏறினால் அவற்றின் அடியில்தான் குளம். பச்சையும் நீலமும் ஆள் இல்லாமல் ஒரே வருஷத்தில் கலைந்தன. யார் முதலில் கலைந்தது என்பதில்தான் கடைசிப் போட்டி. மண்டபம் இருந்த கட்டடத்தில் தங்கும் விடுதி. சுங்கப் பாரம் கணினியில் போகிறது, ஒட்டும் இல்லை, ஒப்பமும் இல்லை. மணியண்ணன் போய் நான்கு வருஷம் ஆகிறது. லோரியை விற்றபோது கண்ணாடியிலிருந்து அந்தப் படத்தை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

மகளின் அழைப்பைப் பார்த்த மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் அருள்தாஸைக் கண்டேன். முடி வெளுத்து, முட்டியில் பட்டை. என்னைத் தெரியவில்லை. ஒட்டு, ஒப்பம், கொலுசு எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எந்த கார்டு தம்பி? நான் பார்த்ததே இல்லியே."

"அப்புறம் எப்படிண்ணே வந்தீங்க?"

"அன்னிக்கு என்கூட வேலை செய்யறவரு பிள்ளைக்குக் காதுகுத்து, முதல் மாடி. ஒரு மாடி கூட ஏறிட்டேன் போல. திரும்பலாம்னு பார்த்தா ரெண்டு பேரு கையப் பிடிச்சிட்டாங்க."

நீலத்துக்கு ஏன் போனீர்கள் என்றும் கேட்டேன். "அங்க சேறு கிடையாது தம்பி. முட்டி வலி" என்று ரசம் கேட்டார்.

வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அவள் மகளின் அழைப்பில் எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும். நீங்க அவர காருக்குக் கொண்டுபோய் விடப் போனீங்கல்ல, அப்ப கீழ் மாடி காதுகுத்து வீட்டம்மா மைக்குல அவரு பேரக் கேட்டு மேல வந்து, தன் பிள்ளைக்கு வந்த கொலுசக் கேட்டாங்க. உங்களயும் மணியண்ணனையும் பார்த்தேன், கொடுக்க மனசு வரல. பரிசா வந்த குத்துவிளக்குல ஒண்ணக் கொடுத்து அனுப்புனேன். நமக்கு ஏழு வந்துச்சு, வீட்ல ஆறுதான் இருக்கு. கிராணியா இருந்தீங்களே, இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது எண்ணிப் பார்த்தீங்களா?"