ஒருக்களித்து நுழைகிற அண்ணி

கடையின் உள்ளறைக் கதவருகே வந்ததும் அண்ணி வலது தோளை முன்னால் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து நுழைகிறார். இரண்டு பேர் கைகோத்துப் போகுமளவு அகலமான கதவு. மற்ற தையல்காரர்கள் துணிக்கட்டை அணைத்தபடி நேராகவே போய்வருகிறார்கள். "இடிச்சுக்குவேன்டி," என்கிறார் அண்ணி. அவர் எங்கேயும் இடித்துக்கொண்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

என் அண்ணனின் மனைவி. பெரிய துணிக்கடை ஒன்றில், வாங்கிய உடைகளைப் பிடித்தும் பிரித்தும் ஆளுக்கேற்பத் தைத்துக் கொடுக்கும் ஆல்ட்ரேஷன் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. அளவுநாடாவைத் தொடாமலே எதிரில் நிற்பவரின் இடுப்பளவைச் சொல்லிவிடுவார். யாராவது வயிற்றை உள்ளிழுத்தால், "மூச்சு விடுங்க மேடம். துணிதான் உங்களுக்கு அடங்கணும், நீங்க துணிக்கு இல்ல," என்பார். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசும் பேச்சு.

முன்பற்களின் ஓரம் தேய்ந்து கண்ணாடிபோல் மெலிந்திருந்ததை ஊசியின் வேலை என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். பல் மருத்துவர் நம்பவில்லை; வயிற்று அமிலம் அரித்தது போலிருக்கிறது என்றார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, "சாப்பிட்டதும் வாந்தி எடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டாராம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான் என்று அண்ணி முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அங்கேதான். யாருமில்லாத நேரத்தில் அள்ளி அள்ளித் தின்பதும், தின்ற பயத்தில் எல்லாவற்றையும் வெளியே தள்ளுவதும். புலிமியா என்று மருத்துவர் பெயர் சொன்னார். சிகிச்சைக்குப் போகச் சொன்னார். அண்ணி போகவில்லை.

போக வைத்தது மகள். ஏழு வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் பள்ளி விட்டு நேரே கடைக்கு வந்தவள், புத்தகப் பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்து, மூச்சைப் பிடித்து, அந்தக் கதவில் ஒருக்களித்து நுழைந்தாள். அண்ணி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாராம். "ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலையே நான். எப்படிடி ஒட்டிக்கிச்சு?"

நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கியிருந்தார். "வா ஊர்சுத்தி. நீ உலகத்தைச் சுத்தின, நான் ஒரு மெஷினுக்குள்ள போயிட்டு வந்தேன்," என்றுதான் வரவேற்றார். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் ஏதோ ஆராய்ச்சியாம். படுக்க வைத்து, மற்றவர்களின் படங்களையும் இவர் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். "மத்தவங்களைப் பார்த்தப்போ சும்மா கிடந்த மூளை, என்னைப் பார்த்ததும் தீப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சாம். எப்படியோ, எனக்கு மூளை இருக்குன்னு உங்கண்ணனுக்கு ஆதாரம் கிடைச்சுது."

இன்னொரு நாள் ஆஸ்பத்திரி ஆலோசகர் ஒரு ரிப்பன் சுருளைக் கொடுத்து, கண்ணளவில் தன் இடுப்புக்கு வெட்டச் சொன்னார். அண்ணி யோசிக்காமல் வெட்டினார். சுற்றிப் பார்த்தால் ஒரு சுற்று முடிந்து இன்னும் அரைச் சுற்று மிச்சம் தொங்கியது. அண்ணி அதை இழுத்துப் பார்த்துவிட்டு, "இழுபடுற ரகம் மேடம் இது, வெட்டினப்புறம் நீண்டிருச்சு," என்றாராம். சொல்லும்போது சிரித்தார். பிறகு மெதுவாக, "இந்தக் கண்ணை நம்பித்தானே பொழப்பு நடத்தறேன். என்கிட்ட மட்டும் ஏன் பொய் சொல்லுது?" என்றார்.

வாலு பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட அண்ணி இல்லை. எப்போதும் படமெடுப்பவர் அவர்தான். "குழந்தை என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல. நாளைக்கு இதையெல்லாம் பார்த்தா, அம்மா எங்க போனான்னு நினைப்பா."

சாப்பிட்ட பின் அரைமணி நேரம் மேசையை விட்டு எழக்கூடாது என்பது இப்போது அவருக்கு விதித்திருக்கும் பாடம். பாதி நாள் தோற்றுவிடுகிறார். போன ஞாயிறு மதியம் வாலு தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதும். அம்மா எவ்வளவு சாப்பிடறாளோ அவ்வளவுதான் நானும்."

அண்ணி ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மகளும் பிய்த்தாள். இரண்டு தட்டும் காலியாயின. கொஞ்ச நேரத்தில் அண்ணியின் பார்வை குளியலறைக் கதவுக்குப் போனது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"எங்கம்மா போறே?"

"எங்கயும் இல்லடி."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகளுடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்து, விரலில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.