அரம் படாத கூடுகள்

விரிசல் கண்டால் அராவு, இல்லாவிட்டால் அரத்தைத் தொடாதே. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடுகளைப் பொறுத்தவரை என் கணவர் போட்ட சட்டம் இதுதான். கூட்டின் வாய் நுனியில் மயிரிழையாகக் கீறல் விழுந்தால், அது மறைகிறவரை நுனியை அராவிக் குறைக்க வேண்டும். கீறல் இல்லாத கூட்டைக் குறைப்பது நல்ல பாத்திரத்தை வேண்டுமென்றே நசுக்குவதற்குச் சமம் என்பார். சட்டம் போட்டவர் அவர். உட்கார்ந்து அராவுகிறவள் நான்.

எழுபதுகளின் கடைசி அது. நாங்கள் சங்கரன்கோவிலில் குடியிருந்தோம். நிலம் வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. கடலை திரண்டு வருகிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். அதற்காக லைசென்ஸோடு, நடுவில் மடக்கித் திறக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். சுட்ட கூட்டைத் தூக்கிப் போடுவது கிடையாது. அடியில், தட்டினால் பொறி விடுகிற புது கேப் வைத்து, மருந்து போட்டு, தக்கை அடைத்து, ஈய ரவை நிரப்பி, மேலே வட்ட அட்டை வைத்து மெழுகு பூசினால் அதே கூடு மறுபடியும் தோட்டாவாகிவிடும். இந்த வேலை எப்படி என்னிடம் வந்தது என்று பலரும் கேட்பார்கள். என் கணவர் உதட்டில் பீடி இல்லாமல் உட்கார மாட்டார். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பீடியை வைத்துக்கொண்டு ஒருத்தர் ஊர்க்கதை பேசுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஒருநாள் எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவரும் விட்டது தொல்லை என்று விட்டுவிட்டார்.

நான் கட்டுகிற தோட்டா நமத்துப்போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆனால் அவர் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. சாப்பாட்டுக்கே வராத வார்த்தை தோட்டாவுக்கா வரப்போகிறது என்று நானும் எதிர்பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

அந்த வருஷம் கரிவலம்வந்தநல்லூர் அண்ணாச்சி ஒருவர் தன் துப்பாக்கியை விற்றுவிட்டு, மிச்சமிருந்த கூடுகளை எங்களுக்குக் கொடுத்தார். அதிகம் சுடப்படாத கூடுகள். தங்கம்போல் மின்னின. என் கணவருக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு வெறுங்கூட்டைத் துப்பாக்கியில் போட்டு மூடிப் பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தேன். எப்போதும் ‘டக்’ என்று மூடுகிற துப்பாக்கி அன்றைக்கு ஒரு முனகலோடு மூடியது கேட்டது.

“என்ன, இப்படிச் சத்தம் கேக்கு?” என்றேன்.

“கொஞ்சம் இறுக்கமா இருக்கு. புதுச் செருப்புன்னா கடிக்கத்தான செய்யும்” என்றார்.

இறுக்கம் என்றால் பொருத்தம் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். சம்படத்துக்கு மூடி இறுக்கமாக இருந்தால் நல்ல சம்படம் என்று சொல்கிற ஊர்தானே. வாயில் விரிசல் இல்லை, அதனால் அரம் தொடவில்லை. இரண்டு மத்தியானம் உட்கார்ந்து அத்தனையையும் தோட்டாவாகக் கட்டினேன். ஒரு கூட்டில் மட்டும் கேப் உட்காரும் குழி தளர்ந்துபோயிருந்தது. அதை ஒதுக்கி வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுவிட்டு, துப்பாக்கியை உறையில் போட்டு, நான் கட்டிய தோட்டாக்களை எடுத்துக்கொண்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். ராத்திரிக் காவல். வழக்கமாக விடிந்துதான் வருவார்.

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு விளக்கும்போது பழைய கூடுகளையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பது என் வழக்கம். அந்த ஒதுக்கிவைத்த புதுக்கூட்டையும் கூடவே போட்டேன். தேய்த்து, கழுவி, பலகைமேல் வரிசையாகக் கவிழ்த்து வெயிலில் வைத்தேன். புதுசு மட்டும் கூட்டத்தில் நிற்கிற வளர்ந்த பிள்ளை மாதிரித் தலை தூக்கி நின்றது.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பழசெல்லாம் அராவி அராவிக் குட்டையானவை, அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பழையதிலும் இதுவரை அரமே படாத கூடு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போதும் புதுசுதான் உயரம். ஒரு நெல் கனம் இருக்கும். விரலை மேலே ஓட்டினால் தட்டியது.

துப்பாக்கிக் குழலைத் தேங்காயெண்ணெய்த் துணி விட்டுத் துடைக்கிறவளும் நான்தான். துடைத்தபிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பேன். தோட்டா உட்காருகிற இடம் அகலமாக இருக்கும். அது முடிகிற இடத்தில் குழல் சரிந்து குறுகும். நம் கூட்டின் வாய் அந்தச் சரிவுக்கு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். இந்தப் புதுக்கூடு நிற்காது. குறுகலுக்குள் போய் வாயைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். அந்த முனகல் இறுக்கத்தினால் வந்தது அல்ல. சுடும்போது உள்ளே இருக்கிற தக்கையும் ரவையும் எந்த வழியாகப் போகும்?

ராயகிரிப் பக்கம் ஒருவருக்கு இப்படித்தான் துப்பாக்கி கையிலேயே வெடித்து ஒரு கண் போயிருந்தது. மருந்து கூடிப்போச்சு என்று ஊரில் சொன்னார்கள். புளிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கூடுகளையும் முந்தியில் முடிந்து, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அந்த பஸ்ஸை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. புளியங்குடியில் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்தார். சாவகாசமாகக் குடித்தார். கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்தேன். வாசுதேவநல்லூர் தாண்டுவதற்குள் அது முடிகாணிக்கை வரைக்கும் வளர்ந்துவிட்டது, அதுவும் அவருடைய முடி. பன்றி இருட்டினால்தானே வரும், அதுவரை சுட மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுத் தோட்டா ஆயிற்றே, ஒன்று விட்டுப் பார்ப்போம் என்று தோன்றினால் என்ன செய்வது என்றும் நானே கேட்டுக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் குளத்துக்கரையோடு நடக்கையில் மலைப்பக்கமிருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது சத்தம், அதன்பின் படபடவென்று சின்னச் சின்னதாய்ப் பல. யாரோ பன்றிக்கு முன்கூட்டியே பட்டாசு கொளுத்துகிறார்கள். அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டே எழுந்து நடந்தேன்.

எங்கள் வரப்பில் அவர் உட்கார்ந்திருந்தார். முழுசாக இருந்தார். இரண்டு கண்ணும் இருந்தது. உதட்டில் பீடி, மடியில் துப்பாக்கி. எனக்கு வந்த நிம்மதி முழுக்கக் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“முதல்ல அந்தப் பீடியக் கீழ போடுங்க” என்றேன்.

“ஏட்டி, நீ எங்க இங்கன?” என்று எழுந்தார்.

“சுட்டியளா?”

“இல்ல. இது என்னமோ மூடிக்கிட்டுத் திறக்க மாட்டேங்கு. வந்ததும் போட்டேன். முழங்காலக் குடுத்து அழுத்தித்தான் மூடுனேன். இப்ப அசைய மாட்டேங்கு.”

முந்தியை அவிழ்த்து இரண்டு கூடுகளையும் அவர் உள்ளங்கையில் நிறுத்தினேன். அவர் பார்த்தார். பெருவிரலால் இரண்டின் தலையையும் தடவினார். பிறகு, நான் மறுபடி சொல்லாமலே பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

கேப்பைத் தட்டுகிற குதிரை இறங்கித்தான் இருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டோம். குழலை ஓடைக்கரை மண்ணைப் பார்க்கத் திருப்பி நான் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தை ஒதுக்கிக்கொண்டு, துப்பாக்கியைத் திறக்கிற திருகைத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். ‘களுக்’ என்று விட்டுக்கொடுத்தது. தோட்டாவை வெளியே எடுத்தால், அதன் வாய் சுற்றிலும் உள்பக்கமாகக் குவிந்து, மேலே நான் வைத்த அட்டையைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்தோம். பக்கத்து வயலில் இன்னொரு சரம் வெடித்தது.

“இனி விரிசல் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி, துப்பாக்கி லேசா மூடாத கூட்ட அராவாம விடக்கூடாது” என்றார். சட்டத்தைத் திருத்துகிறாராம்.

“அது கெடக்கட்டும். திறக்கலன்னா நீங்க சும்மா உக்காந்திருக்கிற ஆளா? ஒரு வெடி விட்டா தானா விட்டுரும்னு தோணலியா?”

“தோணுச்சு. வந்ததுலயிருந்து அதான் தோணிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு தடவ குதிரையத் தூக்கக்கூடச் செஞ்சேன்.”

“பின்ன?”

அவர் என்னைப் பார்க்காமல் கடலைச் செடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பன்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ குறுக்கு ஒடிய உக்காந்து கட்டுனது. அத வெறும் வானத்தப் பாத்து விட மனசு வரல.”

அழுதுவிட்டேன். பயந்து வந்தவள் இப்போதுதான் அழுகிறாள் என்று நினைத்து, அதான் ஒண்ணும் ஆகலியே, அதான் ஒண்ணும் ஆகலியே என்று முதுகைத் தட்டினார். நான் திருத்தவில்லை. தோட்டாக்களையெல்லாம் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, துப்பாக்கியை உறையில் போட்டு, இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். அன்று ராத்திரி காவலுக்கு ஆள் இல்லாத எங்கள் கடலையைப் பன்றிகள் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருந்தன. நன்றாகத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்தது எனக்கு.