மூன்றிலும் ஏழிலும் இருந்த சதீஸ்

தவச்செல்வனை எங்கள் ஊர் உடப்பில் தெரியாதவர் இல்லை. கலியாணமோ, சாமத்தியச் சடங்கோ, ஆடித் திருவிழாவில் தீமிதிப்போ, கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு சனத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடப்பவன் அவன்தான். சாவீட்டுக்காரரும் அவனைத்தான் தேடிப் போவார்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அன்றைக்கே சந்தியில் படம் போட்டு அஞ்சலிப் பனர் கட்டவேண்டும். பனருக்கு ஒரு முகம் வேண்டும். கரைவலை இழுக்கிற மனிதன் எப்போது ஸ்டூடியோவுக்குப் போனான்? அடையாள அட்டையில் இருக்கிற முகத்தைப் பெற்ற தாய்க்கே பிடிபடாது. அதனால், செத்தவர் என்றைக்கோ போய்ச் சாப்பிட்ட ஒரு கலியாணத்தின் படத்திலிருந்து அவரை வெட்டி எடுப்பது வழக்கமாகிப் போனது. சில பனர்களில் செத்தவரின் தோளில் இன்னொருவருடைய கை மட்டும் கிடக்கும்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு அந்தப் பழக்கம் வந்தது. மற்ற வீடியோக்காரர்கள் கலியாண வீட்டுக்கு டிவிடியைக் கொடுத்த கையோடு மிச்சத்தை அழித்துவிடுவார்கள். இவன் வெட்டிக் கழித்ததையும் எறியமாட்டான்.

"டிவிடியில இருக்கிறது பொம்பிளை மாப்பிள்ளையும் காசுள்ள சொந்தமும்தான் பெரியப்பா. மிச்சச் சனம் எல்லாம் வெட்டினதுக்குள்ளதான் இருக்கு" என்று என்னிடம் சொல்வான்.

அவன் எங்கள் ஊரில் பிறந்தவன் இல்லை. தகப்பன் சிவகுரு முல்லைத்தீவுப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து பெண்சாதியோடும் ஐந்து வயதுத் தவச்செல்வனோடும் வந்து இறங்கியபோது, காணியில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தவர் முருகேசு. முருகேசு என் தாய்மாமன் மகன். அவருடைய பெண்சாதி செல்லாச்சி என் தகப்பனின் தம்பி மகள். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம். அவர்களுக்கு ஒரே பிள்ளை சதீஸ். செல்லாச்சி ஒரு கோப்பையில் சோற்றைப் பிசைந்து சதீசுக்கு ஒரு வாய், தவச்செல்வனுக்கு ஒரு வாய் என்று தீத்தியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சண்டை முடிந்த அடுத்த வருசம் அவன் கடன்பட்டு ஒரு கமரா வாங்கினான். கொம்பியூட்டர் வாங்க வழியில்லை. பஸ் ஏறிப் புத்தளம் போய், மஸாஹிர் என்பவருடைய கடையில் வாடகைக்கு உட்கார்ந்து வெட்டி ஒட்டுவான். எடுத்ததெல்லாம் ஹாட் டிஸ்க்குகளில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் இலக்கம் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அந்த டின்னை மஸாஹிரின் அலுமாரியிலேயே வைத்திருந்தான். உடப்புக் கடற்காற்று இரும்பையே தின்றுவிடும். டிஸ்க்கைச் சும்மா விடுமா?

மஸாஹிர் நல்ல மனிதர். ஒன்றில் மட்டும் கண்டிப்பு.

"என்ட மெசினுல புரோகிராம் ஒண்டும் ஏத்தப்படாது தம்பி. போன மாசம் ஒருத்தன் என்னத்தையோ ஏத்தி, மூணு மெசினும் மௌத்தாப் போச்சு, ஒண்டும் எழும்பல்ல."

ஆனால் எந்த முகம் எந்த டிஸ்க்கில் என்று தேட ஒரு புரோகிராம் இல்லாமல் முடியாது. அதற்குத் தவச்செல்வன் ஒரு வழி கண்டுபிடித்தான். இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிற ஒரு சின்னப் புரோகிராம். அதைக் கொம்பியூட்டரில் ஏற்றவே தேவையில்லை. பென் டிரைவில் கிடக்கும். எந்தக் கதிரை காலியோ அங்கே உட்கார்ந்து பென்னைக் குத்தினால் வேலை செய்யும், கழற்றினால் தடமே இராது. அதன் வேலை இதுதான்: ஒரு டிஸ்க்கைக் குத்தியதும் அதற்குள் இருக்கிற வீடியோ, படம் எல்லாவற்றின் பெயரையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் நகமளவில் ஒரு படமும் பிடித்து, பென்னில் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு டிஸ்க் இல்லாமலே தேடலாம். பெயரை அடித்தால், இன்ன ஆள் இன்ன இலக்க டிஸ்க்கில் இருக்கிறார் என்று காட்டும்.

யார் யாரென்ற குறிப்பை அவன்தான் எழுதவேண்டும். அதற்கு என்னிடம் வருவான். போனில் படத்தைக் காட்டி, "இந்தச் சிவத்த சட்டை ஆற்ற ஆள் பெரியப்பா?" என்பான். நான் சொல்வேன், அவன் எழுதுவான். எத்தனையோ சாவீடுகளுக்கு அப்படி முகம் கிடைத்தது.

சதீஸ் அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறியது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அந்த வருசம் எங்கள் கரையிலிருந்து எத்தனையோ பெடியள் போனார்கள். சிலர் சேர்ந்தார்கள், சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். சதீஸ் போன படகைப் பற்றி இன்றுவரை ஒரு கதையும் இல்லை. முருகேசு அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சதீசுக்கும் காரியம் செய்து பனர் கட்டுவோமா என்று கேட்டுப் போன சொந்தக்காரரைச் செல்லாச்சி வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

சதீஸ் போய் மூன்று வருசம் கழித்து ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவன்ர முகம் நிக்குது. குரல் போயிற்று. கூப்பிட்டுப் பாக்கிறன், வருதில்ல. படம் வேணாம் எனக்கு. அவன் கதைக்கிறது எங்கயாவது இருக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். வினோஜாவின் கலியாணம் நினைவுக்கு வந்தது. வினோஜாவின் தாயும் முருகேசுவும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அங்கே பந்தி பரிமாறியது சதீஸ்தான். அந்த வீட்டு டிவிடியை வாங்கிப் போட்டோம். வாளியோடு போகிற முதுகு மட்டும் தெரிந்தது.

தவச்செல்வனிடம் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமி, வெட்டினதில இருக்கு! என்ர கமராவப் பாத்து நல்லாக் கதைச்சவன். நாளைக்கே புத்தளம் போவம்."

மூவருமாகப் போனோம். செல்லாச்சி கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்திருந்தாள். மஸாஹிர் எழும்பி அவளுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

"இருங்கோ உம்மா. உங்கட மருமவன் என்ட கடையில வாடகை குடுக்கிறதவிட பிளேன்டீ குடிச்சது கூட."

தவச்செல்வன் சிரித்துக்கொண்டே பென்னைக் குத்திப் பெயரை அடித்தான். உடனே வந்தது. சதீஸ், வினோஜா கலியாணம், பந்தி, கதைக்கிறான். மூன்றாம் டிஸ்க்கிலும் இருக்கிறது, ஏழாம் டிஸ்க்கிலும் இருக்கிறது. பக்கத்தில் நகமளவு படம்.

"ரெண்டு இடத்தில வச்சிருக்கிறன் மாமி. ஒண்டு பழுதாப் போனாலும் மற்றது இருக்கும்."

டின்னைத் திறந்து ஏழைக் குத்தினான். அந்தக் கலியாணம் அதில் இல்லை. "சரி, மூண்டில கிடக்கும்" என்று மூன்றைக் குத்தினான். அதிலும் இல்லை. திரும்ப ஏழு. திரும்ப மூன்று. கொம்பியூட்டர் சுணங்குகிறது என்று நினைத்துச் செல்லாச்சி, "ஆறுதலாப் பாரப்பன், எனக்கு அவசரமில்ல" என்றாள்.

நடந்தது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஒரு ஆடித் திருவிழாவுக்கு டிஸ்க்கில் இடம் போதவில்லை. புது டிஸ்க் வாங்க வசதியில்லை. பட்டியலைப் பார்த்திருக்கிறான். வினோஜா கலியாணம் மூன்றிலும் ஏழிலும் இருக்கிறது என்றது. ஏழில் இருக்கிறதுதானே என்று மூன்றில் இருந்ததை அழித்தான். அழித்த பிறகு டிஸ்க்கைத் திரும்ப வாசிக்கச் சொல்லவேண்டும். சொன்னால்தான் பட்டியல் திருந்தும். அதைச் செய்யவில்லை. அடுத்த ஆடிக்கும் இடம் போதவில்லை. பட்டியல் பழையபடி மூன்றிலும் ஏழிலும் என்றே சொன்னது. மூன்றில் இருக்கிறதுதானே என்று ஏழில் இருந்ததையும் அழித்துவிட்டான்.

"அழிச்சத மீட்கிற சாமான் ஒண்டு இரிக்கி" என்று மஸாஹிர் தானே வந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார். அழித்த இடத்தில் இரண்டு வருசத் தீமிதிப்பும் ஏறி உட்கார்ந்திருந்தது.

தவச்செல்வன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "மாமி, நான்தான் அழிச்சுப்போட்டன். தெரியாமச் செய்திட்டன்."

மஸாஹிருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டியலில் கிடந்த அந்த நகமளவு படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொண்டுவந்தார். கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஆரோ பெடியன் தம்பி. என்ர பிள்ள இல்ல."

பிறகு தவச்செல்வன் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தனிதானே. என்ன கதைச்சவன்?"

அவன் சொன்னான். "பாயாச வாளியோட வந்து நிண்டவன். 'டேய் செல்வன், கஜுக்கொட்டை முழுக்க மாப்பிள்ளை பக்கம் போகுது, எங்கட பக்கம் வெறும் தண்ணி. இதையும் எடு, பிறகு வழக்குப் போட உதவும்' எண்டவன்."

"இன்னொருக்காச் சொல்லு."

சொன்னான்.

"சிரிச்சுக்கொண்டா சொன்னவன், இல்ல உண்மையாவே கோவமா? அவனுக்குச் சாப்பாட்டில ஓரவஞ்சகம் செய்தாக் கோவம் வரும்."

தவச்செல்வனுக்கு அது நினைவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் எங்களோடு உட்காரவில்லை. பின்னால் நின்றுகொண்டே வந்தான்.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொரு டிஸ்க்காகக் குத்திப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தானாம். பட்டியலில் இருந்து டிஸ்க்கில் இல்லாமல் போன ஆட்கள் இன்னும் இருந்தார்கள். யார் யாரென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போதும் கலியாணங்களுக்குப் போகிறான். வெட்டுவதற்கு முன்னமே எல்லாவற்றையும் பிரதி பண்ணி அந்த வீட்டிலேயே கொடுத்துவிடுகிறான். செல்லாச்சி வருகிற இடமென்றால் மட்டும் வேறு ஆளை அனுப்புவான்.

ஆனால் கோயில் வீதியில் எத்தனை நாளைக்கு ஒளிக்கலாம்? போன பங்குனியில் அவள் அவனை மறித்துப் பிடித்துவிட்டாள். அன்று பின்னேரம் என்னிடம் வந்து சொன்னான்.

"மாமி என்ர கையப் பிடிச்சுக்கொண்டு, 'நான் நல்லா யோசிச்சுப் பாத்தன் செல்வன், அவன் கோவத்தில சொல்லியிருக்க மாட்டான், சிரிச்சுத்தான் சொல்லியிருப்பான், என்ன?' எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னாய்?"

"ஓம் மாமி, சிரிச்சுத்தான் எண்டன்." எழும்பி வாசல் வரை போய்த் திரும்பினான். "எனக்குத் தெரியாது பெரியப்பா."