மஸ்கெலியாவில் ஒரு கோதுமைப் பானகம்

இலங்கை மலைநாட்டிலுள்ள மஸ்கெலியாவில் தாகமாக இருக்கிறது என்று சொன்னால் சுடுதண்ணீர்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்து விருதுநகரிலிருந்து மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்ள வந்த எனக்கு முதல் அதிர்ச்சியே அதுதான். போன சித்திரையில் நீங்களெல்லாம் விசிறியும் கையுமாக இருந்திருப்பீர்கள். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மாப்பிள்ளை மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் ஒரு துரும்பை நகர்த்த விடமாட்டார்கள். எனக்கு மட்டும் கூடத்தில் தனி நாற்காலி, தனிச் சாப்பாடு. மற்றவர்கள் அடுப்படியில் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடும் சத்தம் கேட்கும். எத்தனை நாளைக்கு விருந்தாளியாகவே இருப்பது? என் கையால் ஏதாவது செய்துகொடுத்தாவது அந்த அடுப்படிக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது.

எனக்குச் செய்யத் தெரிந்தது கோதுமைப் பானகம் ஒன்றுதான். ஊரில் அம்மா கோடையில் உடைத்த கோதுமையைக் குழைய வேகவைத்துக் கருப்பட்டிப் பாகில் கலப்பாள். பேரீச்சையும் உலர்ந்த திராட்சையும் போட்டு மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைப்பாள். குளிர்வதற்குள் பானையைத் திறந்து திறந்து பார்த்துத் திட்டு வாங்குவோம். இங்கே பக்கத்து ஊரான கினிகத்தேனையில், கூந்தற்பனையிலிருந்து எடுக்கும் நல்ல கித்துள் கருப்பட்டி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்கட்டில் இருந்த ஸ்டவ்வில் காய்ச்சி வீட்டுக்கு எடுத்துவந்தேன். குளிரவைக்கும் வேலையே இல்லை. சட்டியைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால் போதும்.

அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்குங்க மாப்பிள்ள. உள்ள போய் ஆற அமர குடிக்கிறோம்" என்றார். எல்லா டம்ளரும் உள்ளே போய்க் காலியாகத் திரும்பின. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றலாமே என்று சட்டியோடு அடுப்படிக்குப் போனால், அங்கே என் பானகம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை கிண்டிக்கொண்டிருந்தார். என் மனைவி செல்வி டம்ளரோடு காத்திருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ள. இந்தக் குளிருக்கு இத அப்படியே குடிச்சா நெஞ்சுல சளி கட்டிக்கும். உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான் சொல்லல" என்றார் அத்தை.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"நிக்காதீங்க, இப்படி உக்காருங்க" என்று செல்வி பலகையைத் தள்ளிப் போட்டாள். உட்கார்ந்து குடித்தேன். பாயசம் மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

"மாப்பிள்ள, அந்த வெறகக் கொஞ்சம் உள்ள தள்ளி விடுங்க" என்றார் அத்தை. அந்த வீட்டில் எனக்குச் சொன்ன முதல் வேலை அது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா ஆசையாக மண்பானையிலிருந்து பானகத்தைச் செம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மடக்குதான் குடித்தேன், தொண்டை கரகரத்தது. "பிரமாதம்மா, உள்ள போய் ஆற அமர குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.