காய்ச்சிய தண்ணீர்

என் முட்டிவலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான் வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார். திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் போய் அருப்புக்கோட்டை தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, முடிவு வாங்க அதே வெயிலில் மறுபடியும் போனேன். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றாள் அங்கிருந்த பெண்.

“நாங்க காய்ச்சித்தான் குடிக்கிறோம். நல்லா வத்துற வரைக்கும் அடுப்புல விடுவேன்,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “காய்ச்சினா கிருமிதாம்மா சாகும். இது பாறையிலருந்து கரைஞ்சு வர்றது. தண்ணி வத்த வத்த இது கூடத்தான் செய்யும்.” மழை குறைந்த ஊரில் ஆழத்துத் தண்ணீர் வருஷக்கணக்காகப் பாறை வெடிப்பிலேயே கிடந்து ஊறுமாம்.

போர் போட்ட அன்று வெளியே கொட்டிய பாறைத்தூளில் காக்காப்பொன் மினுமினுத்தது. நல்ல தண்ணீர் ஆழத்தில்தான் இருக்கும் என்று, இன்னும் இறக்கச் சொன்னவளும் நான்தான்.

“வீட்டுல இந்தத் தண்ணியால யாருக்கும் பல்லு காவியேறி இருக்கா?” என்று கேட்டாள்.

என் மகளுக்கு இருக்கிறது. சின்ன வயதில், ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அவளை அடித்திருக்கிறேன். விளக்கிவிட்டேன் என்று அழுதுகொண்டே சொல்வாள். வாயை ஊதச் சொல்லி மோந்துபார்ப்பேன். பேஸ்ட் வாசம் அடிக்கும்.

அப்படியும் நான் நம்பியதில்லை.