‘வரும்’ என்று டைப் செய்த முத்துமாரி

முத்துமாரி இறந்துவிட்டார். நேற்று விடிகாலை, நெஞ்சுவலி.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி வந்தது. பெயரை நான்கு முறை படித்தேன். வேறு முத்துமாரியாக இருக்குமோ என்று...

இன்று காலை எடுத்தார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் அவர் ஊருக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் ஓய்வு பெற்ற பிறகு ஒத்தக்கடையில் ஒரு சிறிய கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். ஆன்லைனில் தொழில் கற்றுத்தருபவர்கள்.

ஒரு தொழிலுக்கு வேண்டிய திறன்களை வட்டம் வட்டமாகப் போட்டு, எதற்குப் பிறகு எது என்று கோடு இழுப்பது என் வேலை. ஆன்டாலஜி என்பார்கள். சாஃப்ட்வேர் அந்தப் படத்தைப் பார்த்து, அவரவருக்குத் தெரியாததை மட்டும் பாடமாகக் கொடுக்கும். சரியாக விளக்கினேனா என்று தெரியவில்லை. பழைய சக ஊழியர்கள் திருத்தலாம்.

முத்துமாரி அங்கே தமிழ் டைப்பிங். அதற்கு முன் பல வருடம் பழங்காநத்தத்தில் ஒரு தையல் கடையில் பிளவுஸ் வெட்டியவர்.

சேர்ந்த முதல் வாரமே என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், சட்டை ரெடிமேடா?"

"ஆமாம்மா."

"தோளு அரை இஞ்ச் எறங்கிருக்கு. இப்பக் கழட்டிக் குடுங்கன்னா கேக்க முடியும்? நாளைக்கு ஒரு பையில போட்டுக் கொண்டாங்க."

டேப் எடுக்கவில்லை. பார்த்தது மட்டும்தான். நான் கூச்சப்பட்டு மூன்று நாள் கழித்துத்தான் கொண்டுபோனேன். மறுநாளே தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

தையல் பாடம் தயாரானபோது, சோதித்துப் பார்ப்பதற்காக எங்கள் ஆட்களின் திறன்களையே உள்ளே ஏற்றினோம். முத்துமாரி தன் பெயருக்கு நேரே இப்படி டைப் செய்திருந்தார்.

அளவு எடுக்க வரும். பிளவுஸ் வெட்ட வரும். தைக்க வரும்.

என் படத்தில் ‘தெரியும்’ என்று ஒரே ஒரு சொல்தான் உண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் கூடாது என்பது விதி. நான் போட்ட விதி. மூன்று ‘வரும்’களையும் ‘தெரியும்’ என்று மாற்றினேன்.

பார்த்துவிட்டு நேரே வந்தார்.

"ரெண்டும் வேறதேன சார்? எங்க வீட்டுக்காரருக்கு நீச்சல் எப்பிடி அடிக்கணும்னு நல்லாத் தெரியும். மணிக்கணக்காச் சொல்லுவாரு. கெணத்துல எறக்கிவிட்டா வராது."

சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நோட்டில் எழுதியும் வைத்தேன்: ‘வரும், தெரியும்... பார்க்கவும்.’

பார்க்கவில்லை.

‘தெரியும்’ என்று போட்டால் சாஃப்ட்வேர் அதற்கு எழுத்துத் தேர்வு வைக்கும். முக்காலிலிருந்து எட்டில் மூன்றைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டது. டேப்பை மடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் காட்டியிருப்பார். எழுதச் சொன்னது. விடை தப்பியதும், நான் இழுத்த கோட்டின்படி முத்துமாரியை ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

ஆபீஸே சிரித்தது. "யக்கா, மதியம் சத்துணவு உண்டா?" என்று டிசைனர் கேட்டார்.

"முட்டை போடுற அன்னைக்கு மட்டும் போறேன்டா" என்றார் முத்துமாரி.

அடுத்த மாதம் அந்தப் பாடத்தை வீடியோவில் சொல்லித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. முத்துமாரி கேட்டிருந்தார். "மறுபடி துணியத் தொடலாம்ல சார்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

மீட்டிங்கில் மேனேஜர் திரையைப் பார்த்தார். "இவங்களுக்கு லெவல் ஒண்ணுதான் காட்டுது. சார், மேப் கரெக்ட்தானே?"

கரெக்ட்தான் என்றேன்.

வேறு ஒருவரை எடுத்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் முத்துமாரியிடம், தப்பு என்னுடையது, நான் போட்ட கோடு என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"கோடுதேன சார்... அழிச்சு வேற போட்டாப் போச்சு. அதுக்கு ஏன் மொகத்த இம்புட்டுத் தொங்கப் போடுறீங்க? பஸ்ஸு வருது, வாரேன்" என்று ஏறிக்கொண்டார்.

நான் அழிக்கவில்லை. அழித்தால் மீட்டிங்கில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து, கண் ஆபரேஷன் என்று வேலையை விட்டேன்.

இன்று அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடு போடுற சாரா நீங்க? அது சொல்லும், உங்களப் பத்தி."

என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை. அவரே என் தோளைப் பார்த்தார். "இது அது பிடிச்சுத் தச்ச சட்டையா சார்?"

ஆமாம் என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சட்டையை நனைத்துக் கொடியில் போட்டேன். எப்போதோ காய்ந்துவிட்டது. இன்னும் எடுக்கவில்லை.

அந்தப் படத்தின் ஃபைல் இப்போது என் கையில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போய் வாருங்கள் அம்மா.

முத்துமாரி. அளவு எடுக்க வரும். பிளவுஸ் வெட்ட வரும். தைக்க வரும்.