பெல்லோவுக்கு அவித்த ஈரல்

எங்கள் வீட்டு நாய்க்குக் கிழமையில் இரண்டு தரம் ஈரல் அவிப்பது நான்தான். நெருப்புப்பெட்டி அளவில் ஒரே ஒரு துண்டு. உப்பில்லை, வெங்காயமில்லை, உள்ளே சிவப்பு மாறும்வரை கொதிக்கவேண்டும். மிச்சத்தை வெட்டிப் பிரீசரில் வைத்துவிடுவேன். நாய் எவ்வளவு கெஞ்சினாலும் மூன்றாம் தரம் கிடையாது. கல்நெஞ்சுக்காரி என்று பிள்ளைகள் என்னைப் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அளவுக்கு மிஞ்சி ஈரல் தின்ற நாய் ஒன்றை எட்டு வயதில் நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் ஏதாவது மாடிப்படியில் விளக்கு சட்டென்று அணைந்துவிட்டால், மேலே ஏறவா கீழே ஓடவா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

அப்போது நாங்கள் பெர்ன் பக்கத்துத் துன் நகரத்தில், ஏரிக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். எண்பதுகளின் பிற்பகுதி. அப்பாவுக்கு ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டும் அளவுக்கு உயர்ந்திருந்தார். அம்மா ஊருக்கு எழுதும்போது 'சமையல் பகுதியில் பொறுப்பாக இருக்கிறார்' என்று எழுதுவார். அது பொய் என்று சொல்லமுடியாது, கரட்டுக்கும் யாராவது பொறுப்பாக இருக்கத்தானே வேண்டும். அம்மா அப்போது என் தம்பியை வயிற்றில் வைத்திருந்தார்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரி தனியாக இருந்தார். அவருக்குப் புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பெல்லோதான் எல்லாம். கன்றுக்குட்டி உயரத்தில், கறுப்பு மயிரும் வெள்ளை நெஞ்சுமாக இருக்கும் பெர்ன் மலைநாய். இரண்டு கண்களுக்கும் மேலே மண்ணிறத்தில் இரண்டு பொட்டுகள். அந்தப் பொட்டுகளைக் கண்ட முதல் நாளே அம்மா ஒதுங்கிவிட்டார். "இது நாலு கண் நாய். எங்களுக்குத் தெரியாததெல்லாம் இதுக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு பெல்லோவைக் கடக்கும்போதெல்லாம் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டுதான் கடப்பார்.

அந்த இலையுதிர்காலத்தில் வீட்டுக்காரி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நாயை எங்களிடம் ஒப்படைத்தார். எங்களிடம் என்றால் என்னிடம். வீட்டில் அந்த ஊர்ப் பாஷையான டொச் தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதெல்லாம் நாயின் சாப்பாட்டைப் பற்றியே. தினமும் சாக்கில் இருக்கும் தீனி. கிழமைக்கு இரண்டு தரம் மட்டும் கொஞ்சம் ஈரல், அதற்குமேல் கூடாது. பச்சையாகக் கொடுத்தால் புழு வரும், அது நாயோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் தொற்றும், ஆகையால் நன்றாக அவிக்கவேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. எங்கள் குசினி மணம் படியிறங்கிப் போய் அவருக்குப் பழக்கம் என்பதால் வெங்காயத்தை மட்டும் மூன்று தரம் சொன்னார்.

அம்மாவுக்கு ஈரல் மணம் பட்டாலே வயிற்றைப் புரட்டியது. அதனால் நாய்ச் சமையல் கெல்லருக்குப் போனது. கெல்லர் என்பது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. உடுப்புத் தோய்க்கும் அறையும் அங்கேதான். ஒரு பழைய கறன்ற் அடுப்பு, விளிம்பு உடைந்த எனாமல் சட்டி ஒன்று. அப்பா ஹோட்டலில் கழித்துவிடும் கன்றின் ஈரலைக் கேட்டு வாங்கி வருவார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கிழமைக்கு இரண்டு தரம், நெருப்புப்பெட்டி அளவு. ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு கீழ்வீட்டில் பெல்லோ ஊளையிடத் தொடங்கியது.

ஏரியிலிருந்து பனிப்புகார் எழும்பி, தெருவிளக்குகள் பால் கலந்ததுபோல் மங்கும் பின்னேரங்களில் அது தொடங்கும். அந்தப் பருவத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பழைய வீடு, சூடாக்கும் குழாய்கள் கீழிருந்து மேலே ஒவ்வொரு அறைக்கும் ஓடின. ஊளை அந்தக் குழாய்களுக்குள் புகுந்து எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து வரும். முதலில் மெல்லிய முனகல். பிறகு நீண்டு நீண்டு, கடைசியில் மூச்சில்லாமல் தேயும். குளிருக்குப் போட்டிருந்த கம்பளியைக் கழற்றி அம்மா குழாயைச் சுற்றிக் கட்டினார். சத்தம் நிற்கவில்லை.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஊரில் அந்த ஐப்பசியில் பெரிய சண்டை. அம்மாவின் அண்ணன், என் மாமா, வீட்டையும் வளவையும் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். மாமாவும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தச் சினேகிதத்தில் வந்ததுதான் அம்மாவின் கல்யாணமே. மாமாவின் கடிதம் வந்து வெகுநாளாகியிருந்தது. எங்களிடம் ரெலிபோன் இல்லை. அவசரமென்றால் யாராவது ஹோட்டலுக்குத்தான் அடிக்கவேண்டும்.

"இஞ்சருங்கோ, இது என்ரை அண்ணாவுக்குத்தான் ஊளையிடுது" என்று அம்மா ஒருநாள் சொல்லியேவிட்டார். "எமனைக் கண்டாத்தான் நாய் இப்பிடிக் கத்தும்."

"விசர்க்கதை கதையாதையும். அது தன்ரை மனுசியைத் தேடுது" என்றார் அப்பா. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து அப்பா தினமும் ஈரல் கொண்டுவரத் தொடங்கினார். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, கடதாசிப் பை நனைந்து ஒழுகும் அளவுக்கு. வேலை முடிந்து வந்ததும் மேலே வராமல் நேரே கெல்லருக்குப் போவார். குழாயில் முதல் முனகல் கேட்பதற்கு முன்னால் சட்டி கொதிக்கவேண்டும் என்பதே அவருடைய அவசரம். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஆவியில் கெல்லர் யன்னல் வெளுத்துப்போகும். தோய்த்துக் காயப்போட்ட வீட்டுக்காரியின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்று எடுக்க ஆளில்லாமல் கயிற்றில் தொங்கியபடி இருக்கும். சட்டி கொதிக்கக் கொதிக்க அது மெல்ல ஆடும். நான் அதைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அப்பா, கிழமைக்கு ரெண்டு தரம்தான் எண்டு அவ சொன்னவ."

"பாவம் பிள்ளை, தின்னட்டும்."

பெல்லோ தின்றது. தின்றதும் வயிறு நிறைந்து அப்படியே சுருண்டு படுத்துவிடும். அது தின்னும்போது அப்பா பக்கத்தில் குந்தியிருந்து அதன் தலையைத் தடவுவார். அதுவரை நாயைத் தொட்டறியாத மனிதர். ஒருநாள் அதன் காதுக்குள் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது. "சத்தம் போடாதை. அவளுக்குத் தெரிய வேண்டாம்." அளவுக்கு மிஞ்சி ஈரல் போடுவது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்கிறார் என்று நினைத்து, நானும் வாயைத் திறக்கவில்லை. ரகசியத்தில் பங்கு கிடைத்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கையில் ஈரல் மணத்தோடு மேலே வரும் அப்பா, அந்த ஒரு மாதம் போல மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடவேயில்லை. கோழிக்கறி என்றால் சட்டியையே வழித்துத் துடைப்பவர், பருப்பும் சோறும் போதும் என்றார். "ஹோட்டலிலை பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்றார். நாயும் மனுசனும் இடம் மாறிவிட்டார்கள் என்று அம்மா பகிடி பண்ணினார். ஊளை நின்றிருந்ததால் அம்மாவுக்குப் பகிடி பண்ண முடிந்தது.

மார்கழி பிறந்தபோது பெல்லோவின் நடை மாறியது. முன்னங்கால்களைக் கட்டைபோல் வைத்து நடந்தது. மயிர் கொட்டியது. பிறகு கழுத்து திரும்பாமல் போனது. கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல், முழு உடம்பையும் ஒரு மேசையை நகர்த்துவதுபோல மெல்ல நகர்த்தித்தான் பார்க்கும். அதுவும் சில நாட்களில் நின்றது. படியடியில், தலையைச் சற்று மேலே தூக்கியபடி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. அது பார்த்த பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவு இருந்தது.

அந்தப் படிக்கட்டு விளக்கு, பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைந்துவிடும் வகை. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பாதிப் படி ஏறும்போது சரியாக அணையும். இருட்டில் பெல்லோவின் உடம்பு தெரியாது. கண்கள் மட்டும் தெரியும். அவற்றுக்கு மேலே மற்ற இரண்டும் தெரிகின்றன என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். அவை என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, எங்கள் கதவடியில் நிற்கும் யாரையோ பார்த்தன. அங்கே ஒருவரும் இல்லை என்பதை நான் திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்தியிருக்கலாம். ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா வெளியே போவதை நிறுத்திவிட்டார். "முந்தி வருகுது எண்டு ஊளையிட்டுது. இப்ப வந்திட்டுது, அதுதான் சத்தமில்லாமல் பாக்குது" என்றார். வயிறு முட்டி நிற்கிற நேரத்தில், பிள்ளையைப் பார்க்க டொக்டரிடம் போகவேண்டிய நாளிலும் படியிறங்க மறுத்துவிட்டார். நாயின் வாயை அடைத்து அம்மாவைக் காப்பாற்றப் போன அப்பாவுக்கு, வாயடைத்த நாய் ஊளையிட்ட நாயைவிடப் பெரிய வினையாக வந்து சேர்ந்தது.

அடுத்த நாளே அப்பா பெல்லோவை ஹோட்டல் வான் வண்டியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். மொழிபெயர்க்க நானும் போனேன். வைத்தியர் கழுத்தெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பெல்லோ முனகியது. என்ன சாப்பாடு என்று கேட்டார். ஈரல் என்றேன். எவ்வளவு என்றார். அப்பா தன் உள்ளங்கையை முழுதாக விரித்துக் காட்டினார். ஒவ்வொரு நாளுமா என்றார். ஓம் என்று அப்பா தலையாட்டினார்.

ஈரல் நல்ல சாப்பாடுதான், ஆனால் மருந்துபோல அளவோடு கொடுக்கவேண்டும் என்றார் வைத்தியர். அதிலிருக்கும் ஒரு சத்து மிஞ்சிப்போனால் உடம்பு வெளியே தள்ளாது, எலும்பில் போய் வேலையைக் காட்டும். நாயும் வயதானது. ஈரலுக்குப் பதிலாக மாட்டின் இதயம் என்றால் இறைச்சி மாதிரி, கொஞ்சம் தாராளமாகப் போடலாம். பன்றியின் உள்ளுறுப்பு எதையும் பச்சையாகக் காட்டவே கூடாது. ஈரலை இப்போதைக்கு அடியோடு நிறுத்துங்கள், கழுத்து கொஞ்சம் இளகும் என்றார். பிறகு, இவ்வளவும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

அப்பா பெல்லோவின் தலையைத் தடவினார். "அது சத்தம் போடாமல் இருக்கத்தான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

சொன்னேன். வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் சொன்னேன். வைத்தியர் கோபிக்கவில்லை. பெல்லோவின் முதுகில் கையை வைத்தபடி ஏதோ சொன்னார்.

"அதின்ரை ஆள் வீட்டிலை இல்லையாம் அப்பா. கத்தத்தானே செய்யுமாம். கத்த விடட்டாம்."

அப்பா அழுதார். வெள்ளை ஓடு பதித்த அந்த அறையில், மருந்து மணத்துக்கு நடுவில், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தரம். ஒரு நாய்க்காக இப்படி அழுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும், நிறையப் பயமாகவும் இருந்தது. பெல்லோ மட்டும் திரும்பாத கழுத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஈரல் நின்றது. தைமாதம் தம்பி சுகமாகப் பிறந்தான். அதற்குள் பெல்லோவின் கழுத்து கொஞ்சம் இளகி, பாதித் தூரம் திரும்பியது. அம்மா பிள்ளையோடு வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போகாமல் நின்றார். தம்பியை வாங்கி என் மடியில் வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிலில் இருத்தி, பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார். மாமாவின் பேர் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

மாமா ஐப்பசியிலேயே சண்டையில் செல் குண்டு பட்டுச் செத்துப்போயிருந்தார். ஹோட்டல் ரெலிபோனுக்கு வந்த செய்தியை, பிள்ளைத்தாச்சியிடம் சொல்லக்கூடாதென்று, அப்பா அத்தனை நாளும் தனக்குள் வைத்திருந்தார். தன் சினேகிதனுக்கு அவர் காத்த துக்கம்தான் அந்த ஒரு மாதப் பருப்பும் சோறும். இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் பொருத்திப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா வாயைத் திறந்ததும் வந்த சத்தம்தான். முதலில் மெல்லிய முனகலாகத் தொடங்கியது. பிறகு நீண்டு நீண்டு, மூச்சில்லாமல் தேய்ந்தது. அது குழாய் வழியே கீழே இறங்கியிருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பெல்லோ பதில் சொல்லத் தொடங்கியது. மேலே ஒன்று, கீழே ஒன்று. எது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. தம்பியும் வீறிட்டான்.

நான் பயந்துபோய்க் கத்தினேன். "அப்பா, ஈரல் குடுங்கோ! ஒருக்கா மட்டும் குடுங்கோ, சத்தம் நிண்டிடும்!"

அப்பா எழும்பவில்லை. அம்மாவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

"கத்தட்டும் பிள்ளை" என்றார். "இனிக் கத்தட்டும்."

மிருக வைத்தியர் சொன்னதை அப்பா எவ்வளவு கவனமாகக் கேட்டு நடக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.